பொங்கல்: எவ்வளவு பழையது, எப்படி வைப்பது

பொங்கல் சங்க காலத்திலேயே இருந்ததா, நான்கு நாளும் என்னென்ன செய்ய வேண்டும், மண்பானையில் முதல் தடவை பொங்கல் வைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குத்தான் ஊரெல்லாம் கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் முடித்துவிடுவோம்.

சங்கப் பாடல்களில் தை மாதம் பல இடங்களில் வருகிறது. நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு மூன்றிலும் ‘தைஇத் திங்கள்’ என்ற தொடர் உண்டு. ஐங்குறுநூற்றில் ‘தைஇத் தண்கயம்’ வருகிறது. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் குளத்தைப் பற்றியது. தை மாதத்துச் சில்லென்ற நீர், அதில் இறங்கிக் குளிக்கும் பெண்கள், அந்த நீராடலை ஒரு நோன்பாகக் கருதிய வழக்கம். கலித்தொகை அதைத் ‘தையில் நீராடிய தவம்’ என்றே சொல்கிறது. புதுப்பானை, புத்தரிசி, சூரியன் மூன்றும் சேர்ந்த ஒரு விழாவை இந்தப் பாடல்கள் காட்டவில்லை. ‘தைஇத் திங்கள்’ வரியை எடுத்துப்போட்டு இதோ பொங்கல் என்று பகிர்பவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை.

‘பொங்கல்’ என்ற படையல் பழையதுதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழாவின்போது காவற்பூதத்தின் பலிபீடத்தில் புழுக்கல் (அவித்த தானியம்), நோலை (எள்ளுருண்டை), பூ, புகையோடு பொங்கலும் படைக்கிறார்கள். ஆனால் அந்த விழா சித்திரையில் நடந்தது. புறநானூற்றின் 22ஆம் பாட்டில் செந்நெற்கதிர் வேய்ந்த, கரும்பு கட்டிய கூரைகள் விழாக்களம் போலப் பொலிவதாக ஓர் உவமை வருகிறது. அதாவது நெற்கதிரும் கரும்பும் விழாக்கோலத்தோடு சேர்ந்தவை என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது. ஆக, தை நோன்பு ஒரு பக்கம், பொங்கல் படையல் ஒரு பக்கம், கதிரும் கரும்பும் ஒரு பக்கம் என்று துண்டு துண்டாகப் பழமை உண்டு. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் சங்கராந்தி பஞ்சாங்கம் வழியாக வந்து சேர்ந்தது. மாடுகளுக்கான நாள் உழவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. இவை எல்லாம் தை அறுவடையைச் சுற்றி ஒன்றுகூடியதுதான் இன்றைய நான்கு நாள் பொங்கல். ஓர் அரசரோ ஒரு புராணக் கதையோ தொடங்கிவைத்த விழா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தை முதல் நாள் ஏன் என்பதற்கு விடை வயலில் இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் ஆவணி, புரட்டாசியில் நட்ட சம்பா, நீண்டகால நெல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, மார்கழிப் பனியில் முற்றி, தையில் அரிவாளுக்கு வரும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். நீர் தாமதமானால் நடவு தள்ளிப்போகும், அறுவடை மாசிக்குப் போகும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் முற்றிய ஒரு மூலையிலிருந்து நாலு கதிர் மட்டும் அறுத்து வந்து, கசக்கி, அந்த ஒரு பிடி புத்தரிசியைப் பழைய அரிசியோடு கலந்து பொங்கல் வைத்துவிடலாம். இதைப் புதிர் எடுப்பது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் புதிர் எடுப்பதைத் தைப்பூசத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அங்கே பொங்கலில் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சேர்வதால் சுவையும் வேறு.

தேதி ஏன் சில ஆண்டு ஜனவரி 14, சில ஆண்டு 15 என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் நாட்காட்டி விண்மீன்களை வைத்துச் சூரியனின் ஆண்டைக் கணக்கிடுகிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாளாகிறது. அதற்குமேல் லீப் ஆண்டின் ஏற்ற இறக்கம். சூரியன் மகரத்தில் நுழையும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே தை 1, பிறகு என்றால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு. பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கைத் தழுவும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இந்த நேரத்தில் சில மணி வேறுபடுவதால் எல்லைக்கோட்டில் விழும் ஆண்டுகளில் குழப்பம் வரும். 2024இல் 15, 2025இல் 14, 2026இல் 15. ‘பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது’ என்பது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சரியாக இருந்தது. இப்போது சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல்.

போகிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, கிழிந்த பாய், பழைய துடைப்பம் போன்றவற்றை விடியற்காலையில் எரிப்பது வழக்கம். பாயும் துடைப்பமும் ஓலையும் நாரும் ஆன காலத்து வழக்கம் அது. டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எரித்தால் அந்தப் புகை மார்கழி மூடுபனியோடு சேர்ந்து தரையிலேயே தங்கிவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும் திருப்பிவிடப்பட்டதும் இதனால்தான். அதைவிடக் கொங்கு நாட்டுக் காப்புக்கட்டு எவ்வளவோ நல்ல வழக்கம். பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி மார்கழி கடைசி நாள் மாலையில் வீட்டுக் கூரை, தொழுவம், கிணறு, வயல் என எல்லா இடத்திலும் செருகுவார்கள். வாசலில் மாவிலையும் சேர்ப்பவர்கள் உண்டு.

இனி பானை. மண்பானையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல பானை. மந்தமாகச் சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் எனாமல் வண்ணம் பூசிய பானைகள் நிறைய விற்கும். அவை அழகுக்கு மட்டும். தீயில் ஏற்றினால் வண்ணம் கருகி, நாற்றம் பொங்கலிலும் ஏறும். வண்ணம் பூசாத பானையை வாங்கி, சுண்ணாம்பாலும் மஞ்சளாலும் நீங்களே கோலம் போட்டுக்கொள்ளலாம். கழுத்து குறுகிய, அடி உருண்ட பானையே பொங்க ஏற்றது. வாய் அகன்ற சட்டியில் பால் ஏறுவதற்குள் நுரை உடைந்துவிடும்.

புதுப்பானையை நேராகத் தீயில் வைக்கவே கூடாது. குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். முதலில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். அது நின்ற பிறகும் ஊறட்டும். பிறகு நிழலில் காயவைத்து, அரிசி கழுவிய நீரையோ வடித்த கஞ்சியையோ முக்கால் பானை ஊற்றி, மிகச் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, இறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். இரண்டு நாள் இப்படிச் செய்தால் பானை கசியாது. பொங்கலன்று பானை வெடிப்பதற்குக் காரணம் மூன்றுதான்: பழக்காத பானை, எடுத்த எடுப்பில் பெருந்தீ, சூடான பானையில் ஊற்றிய குளிர்ந்த பால். குளிர்பதனப் பெட்டியில் இருந்த பாலை முன்கூட்டியே வெளியே எடுத்துக் குளிர் போகவிடுங்கள். கிளறுவதற்கு மரக்கரண்டி அல்லது கொட்டாங்கச்சி அகப்பைதான். இரும்புக் கரண்டி பட்டால் விளிம்பு பெயரும்.

பித்தளைப் பானை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு போயிருந்தால் வெல்லமும் பாலும் உலோகத்தோடு சேர்ந்து களிம்பேறும். வெளிப்புறம் சாம்பலைக் குழைத்து மெல்லப் பூசி வைத்தால் கரி எளிதில் கழுவிப் போகும்.

ஐந்து லிட்டர் பானைக்கு அளவு சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதும். பச்சரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், பால் அரை லிட்டர், வெல்லம் 750 கிராம், நெய் 150 முதல் 200 கிராம், முந்திரி 50 கிராம், திராட்சை 25 கிராம், ஏலக்காய் ஆறு, பச்சைக் கற்பூரம் ஓர் அரிசி அளவு. கற்பூரம் கூடினால் கசக்கும். புழுங்கலரிசி வேண்டாம். அதன் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியது, பச்சரிசி போல அது குழையாது. புத்தரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், சீக்கிரம் குழையும். ஓராண்டு பழைய அரிசி கால்பங்கு கூடுதல் நீர் கேட்கும்.

வாசலில் மெழுகிக் கோலம் போட்டு, கிழக்கு வெளிச்சம் படும்படி அடுப்பு. தென் மாவட்டங்களில் இதற்கென்றே மண்ணில் பிடித்துக் காயவைத்த அடுப்புக்கட்டிகள் விற்கும். இல்லையென்றால் செங்கல் மூன்று போதும், ஆனால் பானையை ஏற்றும் முன் ஆட்டிப் பாருங்கள். கொதிக்கும் பானை கவிழ்ந்தால் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. பானைக் கழுத்தில் இஞ்சி, மஞ்சள் செடிகளைக் கட்டும்போது கிழங்கு முன்பக்கம் தொங்க, இலை மேல்நோக்கி இருக்கட்டும். நூலால் கட்டினால் தீ நாக்கு பட்டு அறுந்துவிடும். செடியின் தண்டையே சுற்றி முடிவது பாதுகாப்பு.

பானையில் பாலும், அரிசியை இரண்டாவதாகக் கழுவிய நீரும், மேற்கொண்டு தண்ணீரும் சேர்த்து ஏறத்தாழக் கழுத்துவரை நிரப்புங்கள். பாலோடு மூன்றரை, நான்கு லிட்டர் ஆகும். ‘ஏன் பொங்கவே இல்லை’ என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் பானையைப் பாதிதான் நிரப்பியிருப்பார்கள். பால் பொங்குவது அதன் புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிந்து நீராவியைப் பிடித்துக்கொள்வதால்தான். பால் குறைந்து நீர் மிகுந்தால் வெறுமனே தளதளவென்று கொதிக்கும், எழாது. தீயைச் சிறிதாகத் தொடங்கி, பானை சூடேறியதும் சுள்ளி, தென்னை மட்டை, பாளை போட்டுப் பெருக்குங்கள். நெல்லைப் பக்கம் பனையோலைதான் எரிப்பார்கள். ஓலை பிடித்தவுடன் பெருந்தீ, உடனே அணைந்தும் போகும், ஆகவே தள்ளிவிட ஒருவர் அடுப்படியிலேயே உட்கார வேண்டும். பச்சை விறகு வைத்தால் புகைதான் மிஞ்சும்.

நுரை எழுந்து வழியும்போது ‘பொங்கலோ பொங்கல்’ கூவி, குலவையிட்டு, சங்கு ஊதி, தட்டை அடிப்பது அந்தந்த வீட்டு வழக்கம். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். பானை சற்றுச் சாய்ந்த பக்கம் வழியும், அவ்வளவுதான். கிழக்கே வழிய வேண்டுமென்று ஒரு கட்டியை லேசாகத் தாழ்த்தி வைக்கும் பாட்டிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

பொங்கியதும் ஒரு லிட்டர் அளவுக்கு நீரை முகந்து தனியே வையுங்கள். பிறகு வீட்டார் ஆளுக்கொரு கையாகக் கழுவிய அரிசியை இட, வாசம் வரும்வரை மட்டும் வறுத்த பருப்பையும் சேருங்கள். இருபத்தைந்து, முப்பது நிமிடத்தில் வேகும். கெட்டியானால் முகந்து வைத்த நீரையே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

வெல்லத்தை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சர்க்கரைப் பொங்கல் கெடும் அல்லது தேறும். ஒரு பருக்கையை இரு விரலால் நசுக்கினால் நடுவில் விதை இல்லாமல் மசிய வேண்டும். அதற்கு முன்பு வெல்லம் போட்டால் அது நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி அந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் கொதித்தாலும் வேகாது. வெல்லத்தை ஒரு டம்ளர் நீரில் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண்ணும் கரும்புச் சக்கையும் நிச்சயம் இருக்கும். பழைய, புளிப்பேறிய வெல்லம் பாலைத் திரித்துவிடும். ஆகவே விறகை வெளியே இழுத்து, கொதி அடங்கிய பிறகே ஊற்றி, தணலில் பத்து நிமிடம் கிளறுங்கள். மண்பானை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தீயை எடுத்த பிறகும் அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்தினால்தான் ஆறும்போது சரியான பதம் வரும். நெய்யைப் பாதி கிளறும்போதும் பாதி முந்திரி திராட்சை வறுத்தும் சேருங்கள். வெளிறிய மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் வெளுக்கும் மருந்து போட்டது. கருத்த வெல்லத்தில் நிறமும் மணமும் தானாக வரும்.

இரண்டாவது பானையில் வைப்பது உப்பில்லாத பால் பொங்கல். டிபன் கடையின் மிளகு சீரகப் பொங்கலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்குத் துணை நாட்டுக் காய்களின் குழம்பும் கூட்டும்: பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை, சேனை, சிறுகிழங்கு. அந்தப் பருவத்தில் மண்ணிலிருந்து வருவதுதான் படையலில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தென் மாவட்டங்களில் மறுநாள் மிஞ்சிய காய்களையெல்லாம் ஒன்றாகச் சுண்டவைத்துப் பழைய சோற்றோடு சாப்பிடுவார்கள். அந்தச் சுண்டக்கறிக்காகவே முதல் நாள் கூடுதலாகச் சமைக்கும் வீடுகள் உண்டு. மணமான பெண்ணுக்கு முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை போவது பொங்கல்படி.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மூக்கணாங்கயிறு, தாம்புக்கயிறு, கழுத்துக்கயிறு எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவார்கள். கொம்பு சீவும்போது நுனியை மட்டும் சீவ வேண்டும். அடிக்கொம்பில் இரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. பூசுவதற்குக் காவியே சிறந்தது. மாடு ஒன்றையொன்று நக்கும் என்பதால் எண்ணெய் பெயின்ட் வேண்டாம். கொங்குப் பட்டிப் பொங்கலில் தொழுவத்தின் நடுவே சாணத்தாலும் மண்ணாலும் சிறு தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பிப் பூப்போட்டு, மாடுகளை அதில் மிதித்துப் போகச் செய்வார்கள். ‘பட்டி பெருக, பால் பானை பொங்க’ என்று தட்டு அடித்துச் சுற்றிவருவார்கள்.

இந்த நாளில் மாடு நோயில் விழுவது பாசத்தால்தான். வீட்டுக்கு வீடு பொங்கலும் பழமும் ஊட்டினால் அந்த மாவும் வெல்லமும் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் செத்துவிடும். சில மணி நேரத்தில் அசைபோடுவது நிற்கும், இடப்பக்க வயிறு உப்பும், சாணம் இளகிப் புளிப்பு வாடை அடிக்கும். பிறகு மாடு படுத்துவிடும், உயிர் போவதும் உண்டு. ஒரு மாட்டுக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அதையும் தீவனத்தோடு கலந்து கொடுங்கள். அறிகுறி கண்டால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இந்த அமிலத்தை முறிக்கத்தான் அவர்கள் சோடா உப்புக் கரைசல் கொடுக்கிறார்கள்.

அதே காலையில் சில சமூகங்களில் பெண்கள் உடன்பிறந்தாருக்காகக் கணுப்பிடி வைப்பார்கள். குளிப்பதற்கு முன், முந்தைய நாள் பானையில் கட்டியிருந்த மஞ்சள் கிழங்கால் மூத்த பெண்கள் நெற்றியில் தீற்றிவிட, மஞ்சள் இலையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சோற்று உருண்டைகளையும் சர்க்கரைப் பொங்கலையும் திறந்தவெளியில் காக்கைக்கு வைப்பது வழக்கம். ஜல்லிக்கட்டு தனிப் பெரும் கதை. தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்ற வரிசையையும், 2014இல் தடைசெய்த உச்ச நீதிமன்றம் 2017 மாநிலத் திருத்தச் சட்டத்தை 2023 மே மாதம் ஏற்றுக்கொண்டதையும் மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

காணும் பொங்கலுக்குச் சென்னையில் மெரினா, மற்ற ஊர்களில் ஆற்றங்கரை, அணைக்கட்டு. கொங்கில் அன்று பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்துவந்து கும்மியடிக்கும் பூப்பொங்கல். தாமிரபரணிப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கலைப் பற்றி வெளியே அதிகம் தெரியாது. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அந்த உருண்டைகளைப் பூவோடு தட்டி எருவாகக் காயவைத்துச் சேர்ப்பது பெண்பிள்ளைகளின் வேலை. தையில் ஒரு நாள் வாசலில் களிமண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன் சிறு பானையில் பொங்கல் வைத்து, சேர்த்த எருக்களை ஆற்றில் மிதக்கவிடுவார்கள். தை, பெண்கள், ஆறு மூன்றும் சேர்ந்த இந்த வழக்கம் சங்கப்பாடல்களின் தைநீராடலுக்குப் பானைப் பொங்கலைவிட நெருக்கமானது என்பது என் கருத்து.

எது கட்டாயம் என்று கேட்டால், புதுப்பானை அல்லது புதிதாகத் துலக்கிய பானை, கிடைத்தால் புத்தரிசி, பொங்கிய பிறகே அரிசி இடுவது, சூரியனுக்குப் படைப்பது, இவ்வளவுதான். இராகு காலம், எமகண்டம் பார்ப்பவர்கள் பார்க்கலாம். விடியலில் வைப்பவர்கள் பலர் கடிகாரம் பார்ப்பதில்லை. அடுக்குமாடியில் இருந்தால் இரண்டு லிட்டர் பித்தளைப் பானையில் 200 கிராம் அரிசி, மற்றவை அதே விகிதத்தில். குக்கர் வேண்டாம், பொங்காது. கேஸ் அடுப்பில் பால் வழிந்தால் பர்னர் அணைந்து வாயு மட்டும் கசியும். ஆகவே பானை பொங்கும் தருணத்தில் ஒரு கை திருகின் மேலேயே இருக்கட்டும், அடியில் ஒரு அகலத் தட்டு வையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.